மணமுறிவும் ஓய்வூதியத்தின் மதிப்பும்

கணவனும் மனைவியும் சட்டப்படி பிரியுங்கால், கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பங்கிடுதல் எளிது. வீட்டுக்கு விலை உண்டு. காணிக்கு அளவு உண்டு. வங்கிப் பணத்துக்குக் கணக்கு உண்டு. ஆனால், பல ஆண்டுகள் கழிந்த பின்னர் மாதந்தோறும் வரவிருக்கும் உபகாரச் சம்பளத்துக்கு, அதாவது ஓய்வூதியத்துக்கு, இன்று என்ன விலை கூறுவது? இவ்வினாவுக்கு இங்கிலாந்து நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

ஓய்வூதியம் ஒருவர் பெயரிலேயே எழுதப்படுகின்றது. எனினும், கணவன் உத்தியோகம் பார்த்த காலத்தில் மனைவி இல்லத்தைப் பேணினாள், பிள்ளைகளை வளர்த்தாள். அதனால் தன் பெயரில் ஓய்வூதியம் சேர்க்கும் வாய்ப்பையும் இழந்தாள். விவாகம் முறிந்ததும், விதவைக்குரிய கொடுப்பனவும் பெரும்பாலும் அவளுக்கு இல்லாமற் போகின்றது. முதுமையில் அவள் எதனை நம்பி வாழ்வாள் என்பதே இங்கு எழும் கேள்வி.

1995ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் ஒரு வழி காட்டிற்று. கணவன் ஓய்வூதியம் பெறத் தொடங்கியதும், அதில் ஒரு பகுதியை முன்னாள் மனைவிக்குச் செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆயினும் இதில் குறையிருந்தது. அவன் இளைப்பாறும்வரை அவள் காத்திருத்தல் வேண்டும். அவன் இறந்தாலோ, அவள் மறுமணம் புரிந்தாலோ மாதக் கொடுப்பனவு நின்றுவிடும். ஆகவே 1999இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி தொட்டுத் தொடங்கிய வழக்குகளில், ஓய்வூதிய உரிமையையே நூற்றுவீதப்படி பிரித்து, ஒரு பங்கை மனைவியின் சொந்த உரிமையாக்கலாம்.

பிரிப்பதற்கு முன் மதிப்பிடல் வேண்டும். இதற்கென ஓய்வூதிய நிதியத்தார் வழங்கும் தொகையை ‘மாற்றீட்டுப் பண மதிப்பு’ எனலாம். தவணைப்பணம் முதலீடு செய்யப்பட்டு நிதியாகத் திரண்டிருப்பின், அந்நிதியின் அன்றைய பெறுமதியே பெரும்பாலும் மதிப்பாகும். சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் ஒட்டி வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியமாயின், கணக்குச் சிக்கலானது. பெறுவோரின் வயது, எதிர்பார்க்கும் ஆயுள், விலைவாசி ஏற்றம், வட்டிவீதம் ஆகியன யாவும் கவனிக்கப்படும். வட்டிவீதம் உயர்ந்தால் இம்மதிப்புக் குறையும். ஆனால் வாக்களித்த ஓய்வூதியமோ குறைவதில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். வீடு 300,000 பவுண். கணவனின் ஓய்வூதிய மதிப்பும் 300,000 பவுண். மனைவி வீட்டையும் கணவன் ஓய்வூதியத்தையும் எடுத்துக்கொள்ளின், தாளில் இரண்டும் சமம். ஆனால், வீடு நிழல் தருமேயன்றி மாதந்தோறும் சோறு தராது. ஓய்வூதியத்தையோ உடனே பணமாக்க முடியாது. கைக்கு வருங்கால் அதன் பெரும்பகுதிக்கு வருமான வரியும் உண்டு. ஆதலின் ஒரு பவுணுக்கு ஒரு பவுண் என நிறுப்பது நீதியான நிறுவை அன்று. நீதிபதிகள், வழக்கறிஞர்கள், கணக்கியல் நிபுணர்கள் முதலியோர் கூடி 2019இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் இத்தகைய ஈடுகட்டலில் எச்சரிக்கை வேண்டும் என்கின்றது.

தொகையைச் சமமாகப் பிரித்தாலும் வருவாய் சமமாகாது. வயதிற் குறைந்தவருக்கு ஓய்வூதியம் நெடுங்காலம் செலுத்தப்பட வேண்டியிருப்பதால், அதே தொகைக்கு ஆண்டுதோறும் கிடைப்பது குறைவாகும். எனவே, பணத்தைச் சமன் செய்வதா, முதுமைக்கால வருமானத்தைச் சமன் செய்வதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

பொருளீட்டியவரையும் இல்லம் பேணியவரையும் வேறுபடுத்தி நோக்குதல் ஆகாது என 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மணவாழ்விற் தேடிய பொருளைத் ‘தேடிய தேட்டம்’ எனத் தனியே வகுத்த தேசவழமையை அறிந்த நம்மவருக்கு, இக்கருத்தின் அடிப்படை விளங்குதல் அரிதன்று. வீடும் காணியும் மட்டுமே தேட்டம் அல்ல. நாளைய சோற்றுக்கான உரிமையும் தேட்டமே. அதன் மதிப்பை அறியாது உடன்படிக்கையிற் கையொப்பமிடுவோர், தம் முதுமையையே குறைந்த விலைக்கு விற்றவராவர்.