மன்னிக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

 

வீதி விபத்தொன்று நேர்ந்தால், மோதியவர் வைத்தியசாலைச் செலவைக் கொடுத்ததும் காரியம் முடிந்துவிட்டதாக நம்மவர் கருதுகின்றனர். "கத்ர்தானே" எனக் காயமடைந்தவரும் மௌனமாகிவிடுகிறார். கத்ரை நம்புவது வேறு, தமக்குரிய ஹக்கைக் கேளாது விடுவது வேறு. மன்னிப்பது அவரவர் விருப்பம். ஆயினும் எதனை மன்னிக்கிறோம் என அறிந்தல்லவா மன்னிக்க வேண்டும்?

நம் நாட்டின் சிவில் சட்டம் இவ்விடயத்தில் ரோமன்-டச்சுச் சட்டத்தைத் தழுவியது. கவனயீனத்தால் தீங்கிழைத்தவர் இருவகை இழப்புகளுக்குப் பொறுப்பாளியாவார். ஒன்று பணத்தால் அளக்கத்தக்கது: மருந்துச் செலவு, உடைந்த வாகனம், இழந்த சம்பளம், இனி உழைக்க இயலாமற்போகும் வருமானம். மற்றையது பற்றுச்சீட்டில்லாதது: உடல் வேதனையும் அவயவமிழந்து வாழும் வாழ்வும். வேண்டுமென்றே ஒருவரது மானத்தைப் பங்கப்படுத்தினால் அதற்கும் தனியே நட்டஈடு உண்டு. முகநூலில் எழுதும் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்க!

மரணம் நேர்ந்தால் நிலை என்ன? உழைத்தவர் இறந்தால், அவரில் தங்கியிருந்தோர் இழந்த ஆதரவைக் கோரலாம். உழைக்காத சிறு பிள்ளை இறந்தால்? 1992இல் நோயுற்று இறந்த ஒரு சிறுமியின் தந்தை, சிகிச்சையில் கவனயீனம் நேர்ந்ததாக வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 250,000 ரூபாவாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என நிரூபிக்கப்படவில்லை என்பதோடு, பிள்ளையின் அன்பை இழந்த துயருக்கு இச்சட்டத்தில் நட்டஈடில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறியது. பெற்ற மனத்துக்கு இது எத்துணைக் கசப்பு!

இக்குறையை நீக்கவே, ஒருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடும் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அன்பையும் பராமரிப்பையும் இழந்தமைக்காகப் பெற்றோர் முதலிய நெருங்கிய உறவினர் இன்று நட்டஈடு கோரலாம். பிள்ளையை விலைபேசுவதாக எண்ணிச் சிலர் கூசுகின்றனர். அது விலையன்று; தவறிழைத்தவர் மீதுள்ள கடன்.

காயமடைந்தவரின் பிழையும் கலந்திருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பங்கு கழிக்கப்படும். 10 இலட்சம் ரூபா இழப்பில் ஐந்திலொரு பங்கு அவரது பிழையாயின், 8 இலட்சமே கிடைக்கும்.

காலமும் முக்கியம். காயத்துக்கும் சேதத்துக்குமான வழக்கை, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசிக் கழியும் மாதங்களும் அதற்குள்ளேயே எண்ணப்படும்.