பட்டியல் மீட்டுத் தந்த வீடு



ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது ஒரு வீட்டுக்குள் அரைநாள் இருந்தேன். ஓவியர் ரெம்பிராண்ட் 1639-ல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு. பெருந்தொகை. கையில் முழுப் பணமும் இல்லாமல்தான் வாங்கினார்; அந்தக் கடன் தீரவே இல்லை. மனைவி சாஸ்கியா 1642-ல் கண்ணை மூடியது இங்கேதான். மகன் டீட்டஸுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

1656-ல் ரெம்பிராண்ட் திவாலானார். ஜப்திக்கு வந்தவர்கள் அறை அறையாக நடந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார்கள். படங்கள், நாற்காலிகள், சங்குகள், சிப்பிகள், பழைய ஆயுதங்கள் என்று 363 இனங்கள். பொருள்கள் ஏலத்தில் போயின. 1658-ல் வீடும் போயிற்று.

அந்தப் பட்டியல் மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. 1911-ல் அருங்காட்சியகமான இந்த வீட்டை, 1990-களின் கடைசியில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுபடி அமைத்தார்கள். எந்த அறையில் எது இருந்தது என்று அது சொன்னது. அதே காலத்துப் பொருள்களைத் தேடி அந்தந்த இடத்தில் வைத்தார்கள். குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்ட காகிதமே, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை நமக்குக் காட்டுகிறது. அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓர் அறையில் அச்சுப் பொறி. அங்கிருந்த பெண் செப்புத் தகட்டில் கறுப்பு மையைத் தேய்த்தார். துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார்; ஊசி கீறிய கோடுகளுக்குள் மட்டும் மை நின்றது. ஈரக் காகிதத்தை மேலே விரித்து, சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். காகிதத்தை மெல்ல உரித்து எடுத்தபோது, ஒரு கிழவரின் தாடி முடி முடியாகத் தெரிந்தது.

இன்னொரு செய்தி. கடன் கழுத்தை நெரித்த அந்த ஆண்டுகளில்தான், நம் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். ஷாஜகானையும் வரைந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. வீடு கைவிட்டுப் போகும் நேரத்திலும் எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் கலையை உட்கார்ந்து கற்ற மனம் அது!

மாடியில் அவருடைய ஓவியக்கூடம். உயரமான சன்னல்கள் வழியே வெயில் படாத, சீரான வெளிச்சம் வருகிறது.

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் ரைக்ஸ்மியூசியத்தில் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1642-ல், இந்த வீட்டில் குடியிருந்தபோது ரெம்பிராண்ட் முடித்த படம் அது. முதலில் இந்த வீட்டுக்குப் போய், அந்த மாடியில் சற்று நேரம் நின்றுவிட்டு, பிறகு அதைப் பாருங்கள்.