பழைய காயமும் போதை மீட்சியும்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் தம் குழுவினருடன் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, அடி, வசை, பாலியல் கொடுமை போன்ற குழந்தைப் பருவத் துன்பங்களில் நான்கு வகைகளையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட, குடி நோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

இவர்களில் பலர் பழைய நினைவை மரத்துப்போகச் செய்யவே போதையை நாடியிருப்பதால், சிகிச்சையில் அதை நிறுத்தியதும் அடங்கிக் கிடந்த கெட்ட கனவுகளும் திடுக்கிடலும், அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனப்படும் நிலையின் அறிகுறிகள், மேலெழக்கூடும். அவ்வேளையில் ஒருவர் பாதியிலேயே வெளியேறினால் அதை மன உறுதியின்மை என்று பழிப்பது அநியாயம். சிகிச்சையில் இருப்பவர் மீண்டும் போதை எடுத்தாரா என்று அறியச் செய்யும் சிறுநீர்ச் சோதனையின்போது ஊழியர் கழிப்பறையில் அருகே நின்று கண்காணிப்பது மற்றவருக்குச் சங்கடமாக மட்டுமே இருக்கலாம். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரையோ அது அந்தப் பழைய அச்சத்துக்குள்ளேயே மீண்டும் தள்ளிவிடக்கூடும்.

இதனால்தான் அமெரிக்க உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் உருவாக்கிய ‘பாதுகாப்பைத் தேடி’ என்னும் சிகிச்சைமுறை, நடந்த கொடுமையின் விவரங்களைக் கிளறாமல், போதைப் பழக்கம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு ஆகிய இரண்டையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, பதற்றம் ஏறும்போது சுற்றியுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்துவது போன்ற பயிற்சிகளைக் கற்பிக்கிறது.