பூனை சொன்ன ‘யாம்’

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சப்பானியப் புதின ஆசிரியர் நாத்சுமே சோசேகியின் பூனைக் கதையைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். 1905, 1906 ஆம் ஆண்டுகளில் ஓர் இதழில் தொடராக வந்த நகைச்சுவை நூல் இது. பதினோர் இயல்கள் கொண்டது. ஆங்கில வழியில் இதனைப் பெரும் ஆவலொடு படிக்கப் புகுந்தேன். பாதியைக் கடக்குமுன்பே ஏமாற்றம் வந்துவிட்டது.

அதன் பெருமையை முதற்கண் சொல்லிவிட வேண்டும். கதை சொல்வது, பெயரே இடப்படாத ஒரு தெருப்பூனை. பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அவருடைய செரியாமையையும் படிப்புப் பகட்டையும் கண்டு எள்ளுகிறது. வீட்டார் அவரைக் கடும் உழைப்பாளர் என்று நம்ப, அவரோ விரித்த சுவடிமேல் எச்சில் ஒழுக உறங்குகிறார். (நம் தொழிலினர் இவ்விடத்தைத் தனியே இருந்து படிப்பது நலம்.)

நகைச்சுவையின் வேர் பூனை தன்னைக் குறிக்கும் சொல்லில் உள்ளது. சப்பானிய மொழியில் தன்மைச் சொற்கள் பல. அவற்றுள் பெரிய மாந்தர் பெருமிதந் தோன்ற வழங்கிய ‘வககாய்’ எனுஞ் சொல்லை இந்நாதியற்ற பூனை எடுத்தாள்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடில்லை. ஒற்றை எழுத்தாலான ஒரே தன்மை ஒருமைச் சொல்லில் அச்செருக்கு முழுதும் கரைந்துபோகிறது. நம்மிடமோ மன்னன் ஆணையிடும்போது அவன் வாய்க்குப் பொருந்தும் ‘யாம்’ இருக்கின்றது! “யாம் பூனை” என்று தொடங்கிப் பாருங்கள். சிரிப்பு தானே வரும். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் “நான் ஒரு பூனை” என்றே எழுதுவார். ஆகவே, நேரே சப்பானியத்திலிருந்து பெயர்ப்பதே முறை.

ஆயினும், என் ஏமாற்றத்திற்கு ஆங்கிலம் மட்டுமே கரணியமன்று. பசையரிசிப் பண்டம் பல்லில் ஒட்டிக்கொள்ள, பூனை பின்னங்கால்களில் நின்று ஆடும் காட்சி அருமை. உருசியக் கடற்படை எவ்வழி வருமோ எனப் படைத்தலைவர் தோகோ கவன்றதுபோல், எலிகள் எவ்வழி வருமோ எனப் பூனை கவல்வதும் அருமை. இவையெல்லாம் பூனையின் வாழ்க்கை. வரவர, ஆசிரியரின் நண்பர்கள் கூடிப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் தூக்கிலிடுதலின் விசையியலை விளக்குகிறார்; அவரே கடைசி இயலில், தாம் வயலின் வாங்கிய கதையை முடிவின்றி நீட்டுகிறார். பூனை வெறும் ஒட்டுக்கேட்கும் செவியாகிவிடுகிறது. தலைவரின் உள்ளத்தெண்ணம் தனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு, அவர் வயிற்றில் தன் மயிர் உராய்கையில் மின்னோட்டம்போல் அது விளங்கிவிடும் என்கிறது. ஆசிரியருக்கு வழி அடைபட்ட இடத்தில் பூனைமேல் ஏற்றிய பொய் இது.

முதல் இயல் தனிக்கதையாகவே எழுதப்பெற்றது. வரவேற்பு மிகவே, இதழாசிரியர் தகாமா கியோசி தூண்டத் தொடராயிற்று. நீட்சியின் தளர்ச்சி அதிலிருந்து வந்ததே. “பூனை ஒரு சாக்கு, மேனாட்டு மயக்கத்தை எள்ளுவதே குறிக்கோள்” என்பார் உளர். அவ்வெள்ளலை யானும் சுவைத்தேன். அதற்கு மாந்தன் ஒருவனே போதுமே! பூனையை அழைத்துவந்தபின் பூனைக்கண்ணால் காட்டுவதன்றோ கடன்?

முடிவில், விருந்தினர் மிச்சம் வைத்த பீரைக் குடித்து, மயங்கி, நீர்த்தாழியில் வீழ்ந்து, நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி ஓய்ந்து, அமைதியாய் இறக்கிறது அப்பூனை. அங்கே மீண்டும் அதன் குரல் கேட்கிறது. அப்பக்கங்களை இருமுறை படித்தேன். இடையில் இத்துணை இயல்கள் அது எங்கே போயிருந்தது?