மறுமுறை எழுதுவது எப்போது?



வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் ஏரிப் பகுதியிலும் சென்ற நூற்றாண்டில் குடியேறிய நம்மவர் பலர், எழுத்தராகவும் கணக்கராகவும் வாழ்வைத் தொடங்கியவர்களே. அவர்தம் மக்களும் பேரன் பேத்தியரும் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தேர்வுக்குப் படிப்பதில் வியப்பொன்றும் இல்லை. அத்தேர்வில் ஒரு தொகுதியேனும் தவறாதவர் சிலரே என்பதும் வியப்பில்லை.

முடிவு வெளியான அன்று மாலை எத்தனையோ வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "போனது போகட்டும், மறுபடி எப்போது எழுதப் போகிறாய்?" இதற்கு விடை சொல்லச் சுற்றத்தார் எல்லோரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, உடனே எழுது" என்பார் பெரியப்பா. "பதறாத காரியம் சிதறாது, ஆறப்போட்டு எழுது" என்பார் மாமா. இரண்டும் நல்ல பழமொழிகளே. எது யாருக்குப் பொருந்தும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தோற்ற தகுதிதான். 1987-ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைய பம்பாயில், மாதுங்காவில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த நாங்கள் மூவரும் இறுதித் தேர்வின் ஒரே தொகுதியை எழுதினோம், மூவரும் தவறினோம். அதன்பின் ஒருவர் பதறி எழுதினார், ஒருவர் காத்திருந்தார், ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். இவ்வுரையை மூவரும் கூடியே எழுதியிருக்கிறோம். ஆதலால் எவர் எவர் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்று அடுத்தடுத்து நிற்கின்றன. வேந்தர்க்குச் சொன்ன அந்த வரிசை தேர்வு எழுதுவோர்க்கும் வழிகாட்டக் கூடியது. காலத்தைப் பற்றிய கேள்வி இரண்டாவதாக வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தன் வலிமையை அறிந்த பின்னரே "எப்போது" என்று கேட்கத் தகும்.

வலிமையை எங்கே காண்பது? மதிப்பெண் பட்டியலில் காண்பது. தோற்றவர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். ஓர் ஆடிட்டர் ஐந்தொகையைப் பார்ப்பதுபோல் அதனைப் பார்க்கவேண்டும். 2024 மே மாதத் தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, இடைநிலையிலும் இறுதியிலும் தொகுதிக்கு மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, தொகுதியின் கூட்டுத்தொகையாக 300-க்கு 150 பெறவேண்டும். தவறிய தொகுதியில் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் பெற்றவருக்கு, அந்தத் தாளை அடுத்த மூன்று முறைகளுக்கு மீண்டும் எழுதவேண்டாம் என்னும் விலக்கு கிடைக்கிறது. அந்த மதிப்பெண் கூட்டுத்தொகையிலும் சேர்கிறது.

மூன்று மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதல்வர் பெற்றவை 72, 45, 38. கூட்டினால் 155; ஆயினும் ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்ததால் தவறினார். இவருக்கு 72 கையில் இருக்கிறது. எஞ்சிய இரண்டு தாள்களிலும் 40 வீதம் வாங்கினாலே 152 ஆகிவிடும். இவர் உடனே எழுதுவதே முறை. காத்திருந்தால் விலக்கின் மூன்று முறைகளில் ஒன்று வீணாகும், சூடும் ஆறிப்போகும்.

இரண்டாமவர் பெற்றவை 48, 46, 47. எந்தத் தாளிலும் தவறவில்லை; கூட்டுத்தொகை 141. ஒன்பது மதிப்பெண் குறைவு, விலக்கும் இல்லை. இவருக்கும் அடுத்த முறையே உகந்தது. இவருடைய குறை அறிவில் இல்லை. எழுத்துப் பழக்கத்திலும் நேரப் பங்கீட்டிலும் இருக்கிறது. ஆறு முழுத் தாள்களை மூன்று மணி நேரக் கணக்கில், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பாராயின் அந்த ஒன்பது வந்து சேரும்.

மூன்றாமவர் பெற்றவை 31, 35, 28. இவர் உடனே எழுதுவது, அடித்தளம் இறங்கிய வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போன்றது. ஒரு முறையை விட்டுவிட்டு, பாடத்தைத் தொடக்கத்திலிருந்து படித்து, பிறகு எழுதுவதே இவருக்கு நலம். இதில் வெட்கம் ஏதும் இல்லை. எங்களில் பதறி எழுதியவர் ஏறக்குறைய இந்த மூன்றாமவரே. தம் பட்டியலை ஒழுங்காகப் பார்க்காமல், "விட்டேனா பார்" என்னும் வீம்போடு 1988 மே மாதமே மீண்டும் உட்கார்ந்தார். முன்னைவிடக் குறைவாகப் பெற்றார். அந்த இரண்டாம் தோல்வி முதலாவதைவிட அவரை அதிகம் நொறுக்கியது.

இன்னொரு வசதியையும் மறக்கலாகாது. முடிவு வெளியான பின், குறித்த நாள்களுக்குள் விண்ணப்பித்தால், நம் விடைத்தாளின் சான்றிட்ட நகலைப் பெறலாம். சரிபார்த்தலுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது கூட்டல் சரியா, திருத்தாமல் விடுபட்ட விடை உண்டா என்று பார்ப்பதே அன்றி, மறுமதிப்பீடு அன்று. நகலின் பயன் வேறு. எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை, எங்கே விடை தெரிந்தும் காரணம் எழுதாமல் விட்டோம் என்பதை நம் கையெழுத்திலேயே காணலாம். அதைக் காட்டிலும் நேர்மையான ஆசிரியர் கிடையாது.

இனி, காலம். எங்கள் நாளில் மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறையே தேர்வு நடந்தது. 2024-இல் இடைநிலைத் தேர்வுக்கும், 2025-இல் இறுதித் தேர்வுக்கும் ஆண்டுக்கு மூன்று முறை என்னும் ஏற்பாடு வந்தது. வாய்ப்பு பெருகியது, இடைவெளி சுருங்கியது. 2025 மே மாத இறுதித் தேர்வின் முடிவுகள் ஜூலை 6 அன்று வெளியாயின. அடுத்த தேர்வு செப்டம்பர் 3 அன்று தொடங்கியது. இடையில் 59 நாள்கள். விண்ணப்பிக்கும் நாள்களும் அந்த ஜூலை மாதத்திலேயே அடங்கிவிட்டன. அழுது ஓய்வதற்குள் முடிவெடுக்க வேண்டிய நிலை!

ஆகவே மனத்தைக் கேட்காமல் மணிகளைக் கேட்கவேண்டும் என்போம். அலுவலகம் செல்லும் ஒருவர், வேலை நாள் ஐந்திலும் மூன்று மணி, சனிக்கிழமை ஆறு, ஞாயிறு எட்டு என்று படித்தால் வாரத்துக்கு 29 மணி ஆகிறது. எட்டு வாரத்தில் 232 மணி. ஒரே தாளுக்கு இது தாராளம். இரண்டு தாளுக்குப் போதுமானது. மூன்று தாளையும் முன்பே நன்கு படித்திருந்தால் திருப்பிப் பார்க்கக் காணும். புதிதாகப் படிக்கக் காணாது. ஆனால் இந்த 29 என்பது காகிதக் கணக்கு. ரயில் நெரிசலும், கோடை மின்வெட்டும், அறைத் தோழரின் பிறந்தநாளும் அதில் இல்லை. ஆதலால் விண்ணப்பிக்கும் முன் ஒரே ஒரு வாரம் மெய்யாகப் படித்து, படித்த மணியை நாள்தோறும் வரவில் எழுதிப் பாருங்கள். 29 என்று எண்ணியது 14-இல் நின்றால், அந்தப் பதினான்கையே எட்டால் பெருக்கி முடிவு செய்யுங்கள். நம்மிடம் நாமே பொய்க்கணக்குக் காட்டுவதைவிடக் கொடிய தணிக்கைக் குற்றம் வேறில்லை.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. எங்களில் காத்திருந்தவர் அதனை நன்கு அறிவார். "அடுத்த மேயில் வேண்டாம், நவம்பரில் எழுதுகிறேன்" என்றார். நவம்பர் வந்ததும் மீண்டும் தள்ளினார். 1989-இல் புத்தகத்தைத் திறந்தபோது வருமான வரிச் சட்டம் அவருக்கு அந்நியமாகியிருந்தது. அதுவரை தீபாவளி ஆண்டு என்றும் ஆங்கில ஆண்டு என்றும் வணிகர் தத்தம் விருப்பப்படி கணக்கு முடித்து வந்தனர். 1987-இல் இயற்றிய திருத்தச் சட்டத்தால், 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எல்லோருக்கும் மார்ச்சு 31-இல் முடியும் ஒரே முன்னாண்டு என்றாயிற்று. அவர் அழகாக எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளில் பாதி பழங்காகிதமாயின.

அதே நிலை 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மறைமுக வரித் தாளைத் தள்ளிப்போட்டவர்களுக்கு நேர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. வரித் தாளில் தவறியவர்கள், எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்று கழகம் வெளியிடும் அறிவிப்பை முதலில் படித்துவிட்டே நாளைக் குறிக்கவேண்டும். படித்த சட்டம் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுவது சிக்கனம்.

இடைநிலையில் தவறியோர்க்கு வேறொரு கணக்கும் உண்டு. புதிய திட்டப்படி இரு தொகுதிகளும் தேறிய பின்னரே இரண்டாண்டுப் பயிற்சியில் சேரமுடியும். ஆகவே அங்கே ஒரு முறையைத் தள்ளினால் தேர்வு மட்டும் தள்ளுவதில்லை. பயிற்சியும், அதன் பின்வரும் இறுதித் தேர்வும், முதல் சம்பளமும் சேர்ந்தே தள்ளுகின்றன.

மூன்றாவது, இடம். வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது தனிக் கேள்வி. "வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து படியேன், அம்மா சமைத்துப் போடுவாள்" என்று வீட்டிலிருந்து அழைப்பு வரும். எங்களில் ஒருவர் அவ்வாறே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தம் சிற்றூருக்குச் சென்றார். சோறு கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை. கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, "தம்பி எப்போது வந்தாய், எப்போது போகிறாய்?" என்னும் விசாரணை ஆகிய எல்லாவற்றுக்கும் அவரே ஆள். சம்பளம் நின்றது, தங்கையின் திருமணத்துக்கு என்று சேர்த்த பணத்தில் கை வைக்க நேர்ந்தது. அந்தப் பாரத்தோடு எழுதிய தேர்வு மீண்டும் தவறியது.

வேலையை விடுவது எல்லோர்க்கும் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆறு மாதச் செலவுக்குப் பணமும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் உடையவர் விடலாம். இல்லாதவர், இருக்கும் ஊரிலேயே இருந்து, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்துக்கு விடுப்புச் சேர்த்து வைப்பது மேல். தேர்வு மையத்தின் ஊரை விண்ணப்பத்தில் நாமே தெரிந்தெடுக்கலாம் ஆதலால், கடைசி மாதத்தை எங்கே கழிக்கப் போகிறோம் என்பதை அப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

"எப்போது" என்னும் கேள்விக்குள்ளே "இன்னும் எழுதத்தான் வேண்டுமா?" என்னும் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதனையும் அஞ்சாமல் கேட்கலாம். ஊருக்குப் போனவர் அதற்குப் பின் எழுதவில்லை. தாணாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அதன் தலைவராக ஓய்வு பெற்றார். மற்ற இருவரும் தேறி ஆடிட்டர்கள் ஆனோம். தேறாதவர் பார்த்த கணக்கில் பிழை கண்டுபிடிக்கத் தேறியவர்கள் பலமுறை முயன்று தோற்றிருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இத்தொழிலில் இந்தியாவின் முதல் பெண்மணி நம் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். விடுதலைப் போரில் சிறை சென்ற அவர் 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர் என்பதால் எழுந்த தடையை எதிர்த்து வழக்காடி வென்று, 1937-இல்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இடையில் கழிந்த ஆண்டுகள் வீணென்று இன்று யாரும் சொல்வதில்லை. காத்திருப்பது வேறு, கைகட்டி இருப்பது வேறு.

முடிப்பதற்கு முன் ஒன்று. எங்களில் தேர்வைத் தள்ளிக்கொண்டே போனவர், தோற்ற செய்தியைத் தம் தந்தைக்கு நான்கு மாதம் எழுதவே இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பெரியவர், செய்தியை வேறொருவர் வாயால் கேள்விப்பட்டார். கோபித்து ஒரு நீண்ட கடிதம் வரும் என்று மகன் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு கார்டு வந்தது. "தேறுவது உன் கையில் மட்டும் இல்லை. எழுதுவது உன் கையில் இருக்கிறது. எழுதாமல் இராதே." அவ்வளவுதான். தேர்வைச் சொன்னாரா, கடிதத்தைச் சொன்னாரா என்று நாங்கள் மூவரும் அன்றிரவு வெகுநேரம் வாதாடினோம். மறுநாள் காலை அவர் முதலில் தந்தைக்குக் கடிதம் எழுதினார். பிறகு தேர்வுக்கு விண்ணப்பம் எழுதினார்.

இவ்வாண்டு தவறிய தம்பி தங்கையரே! பட்டியலை எடுத்து மேசைமேல் விரியுங்கள். மணியைக் கணக்கிடுங்கள். இருக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். நாள் தானே தெரியும். அது தெரிந்ததும் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.