புது வீட்டு வாசனை



கிரகப்பிரவேசத்துக்குப் போனால் வாசலிலேயே ஒரு வாசனை வரும். பெயின்ட், வார்னிஷ், புதுப் பலகை எல்லாம் கலந்த வாசனை. பலருக்கு அது பிடிக்கும். அதில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவும் கலந்திருப்பதுண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிப் புட்டிக்குள் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலின் இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான்.

இந்த வாயு வீட்டு அலமாரிக்குள் எப்படி வந்தது? பிளைவுட் என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது. பார்ட்டிகிள் போர்டில் மரச்சீவலும், எம்.டி.எஃப். பலகையில் மரநாரும் பசையோடு சேர்த்து அழுத்தப்படுகின்றன. விலை குறைந்த பலகைகளில் அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. பசை இறுகியபின் மிச்சமிருக்கும் வாயு முதல் சில வாரங்களில் கணிசமாக வெளியேறிவிடும். அதோடு தீர்ந்தால் கவலையில்லை. ஆனால் காற்றின் ஈரம் பட்டால் இந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, தான் எதிலிருந்து உருவானதோ அந்த வாயுவையே திரும்ப வெளியே விடும். வெப்பம் ஏற ஏற இது வேகமாக நடக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்தே இருக்கும் சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே மாதிரி புழுக்கமான ஒரு கடற்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா, மிசிசிப்பி கரைகளைக் கத்ரீனா புயல் தாக்கியது. வீடிழந்தவர்களுக்கு அரசு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சின்ன அறைகள், சுவர், அலமாரி, கட்டில் எல்லாமே ஒட்டுப்பலகை. குடியேறியவர்கள் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, குழந்தைகள் இருமுகிறார்கள் என்று முறையிட்டார்கள். அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 519 வீடுகளில் காற்றைச் சோதித்தது, அதுவும் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும்தான். சராசரி, நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு. மிக மோசமான வீட்டில் 590. உலக சுகாதார நிறுவனம் அரை மணி நேரச் சுவாசத்துக்கே வைத்திருக்கும் வரம்பு ஏறத்தாழ 80. சோதனை நடந்தது குளிர்காலத்தில். அதற்கு முந்தைய இரண்டு கோடைகளில் அந்தக் குடும்பங்கள் எவ்வளவு சுவாசித்திருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இந்த வாயு 2004-இல் உறுதியாக இடம்பெற்றது. அதற்காக யாரும் நடுங்க வேண்டாம். அந்தச் சான்றுகள் பெரும்பாலும், தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்காக அதிக அளவில் சுவாசித்தவர்களிடம் கிடைத்தவை. வீட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டியது கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வரும் இழுப்பு.

இனி நம் படுக்கையறைக்கு வருவோம். முன்பெல்லாம் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் வைத்துக் கட்டினார்கள். ஏ.சி. மாட்டும்போது குளிர் வெளியே போகிறதென்று அதைக் கண்ணாடியோ தெர்மாகோலோ வைத்து அடைத்துவிடுகிறோம். நம் வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பகலெல்லாம் அறை பூட்டிக்கிடக்கிறது, மொட்டை மாடி வெயில் கீழே இறங்குகிறது, பலகை சூடாகி வாயுவை விடுகிறது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டால், நாள் முழுக்கச் சேர்ந்ததுதான் நமக்கு மூச்சு. அதற்கு முன் கால்மணி நேரம் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அலமாரிக் கதவுகளையும் திறந்தே வையுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் கூடும்தான்; கூடட்டும்.

வாடை தெரியாமலிருக்க ஊதுபத்தி கொளுத்துவது உதவாது. அந்தப் புகையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. எலுமிச்சை மணக்கும் தரைதுடைக்கும் திரவங்களில் இருக்கும் லிமோனீன், வெளியிலிருந்து வரும் ஓசோனோடு சேர்ந்து இதே வாயுவைக் கொஞ்சம் உண்டாக்கும். தொட்டிச்செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை, நாசா 1989-இல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து பரவியது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கிடைக்கும் பலனைச் செடிகளிடம் பெற, ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். செடி கண்ணுக்கு அழகு, வளருங்கள். காற்றுக்கு ஜன்னல்தான்.

மரவேலை இன்னும் தொடங்காதவர்களுக்கு வழி சுலபம். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் அது கொதிநீரையும் தாங்கும் பலகை. பெரும்பாலும் ஃபீனால் கலந்த பசையில் செய்தது, வாயு மிகக் குறைவாகவே விடும். எம்.டி.எஃப். வாங்கினால் ஈ-1 அல்லது ஈ-0 தரமா என்று கேளுங்கள். அடுத்தது, ஆசாரி வேலை முடித்ததும் ஒரு டார்ச்சோடு அலமாரிக்குள் குனிந்து பாருங்கள். வெளிப்பக்கம் மைக்கா மினுமினுக்கும். சிங்குக்கு அடியில், குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி, சுவரைப் பார்த்த பின்பக்கத்தில், பலகை பச்சையாகவே நிற்கும். வாயு அதிகம் வருவது அங்கிருந்துதான். அந்த விளிம்புகளையும் மூடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரிவரை மரவேலை நடக்கும் வீடுகள் உண்டு. நல்ல நாளில் பாலைக் காய்ச்சிவிட்டு, குடிபோவதை ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அதுவரை தினமும் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தால் போதும். வாடகை கொடுத்துக்கொண்டே கடனும் கட்டுபவர்களுக்கு ஒரு மாதம் என்பது கஷ்டம்தான். அவர்கள் ஒன்று செய்யலாம். பிள்ளைக்கென்று புதுக் கட்டில், புது அலமாரி, புது மேஜை போட்ட அறையில் பிள்ளையை உடனே படுக்க வைக்க வேண்டாம். முதல் சில மாதங்கள், புதுப்பலகை குறைவாக இருக்கும் கூடத்திலேயே பாயைப் போட்டுத் தூங்கட்டும்.