நீர்மலையும் மின்வண்டியும்



சென்னை வீதிகளில் 1895-ஆம் ஆண்டு முதல் ஓடிய மின்சார டிராம் 1953-இல் நின்றது. அது தாம்பரத்தை எட்டியதே இல்லை. தென்புறத்து ஊர்களை நகரோடு பிணைத்தது, 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை விடப்பெற்ற மின்சார ரயிலேயாம். மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய அவ்வண்டியை நம்பியே குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் மனை வாங்கிக் குடியேறினர். (குரோம்பேட்டை என்னும் பெயரே, அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான்!) சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் 1937-இல் தாம்பரம் வந்து சேர்ந்தது.

ஆயினும் இப்பகுதி நேற்று முளைத்ததன்று. திருநீர்மலையை வெள்ளம் சூழ்ந்திருந்தமையால், திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து, நீர் வடிந்த பின்னரே பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. நீர்மலை என்ற பெயரே அவ்வரலாற்றை நினைவூட்டுகின்றது.

ரயிலடியில் வந்திறங்கியவர்க்கு அத்துணைப் பொறுமை ஏது? வயலும் ஏரிப்புறமும் மனைகளாயின. பழி கூறுவதற்கில்லை, தலைக்குமேல் கூரை வேண்டியவர் வேறென் செய்வர்?

2004-இல் மீட்டர்கேஜ் மின்வண்டியும் விடைபெற்றது. அகலப்பாதை வண்டியே நிலைத்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தபோது, மாடிகளில் ஏறி நின்றவர்கள் நீர் வடியக் காத்திருந்தனர்.